குற்ற நிகழ்விடத்தில் கேமரா: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

கொலை நடந்த வீட்டை நீதிபதி பார்த்திருக்க மாட்டார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, வேறு குடும்பம் குடியேறியிருக்கும். கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது, பின்கதவு தாழிட்டிருந்ததா என்ற கேள்விகளுக்கு, சாட்சிகளின் நினைவைத் தவிர, மிஞ்சியிருப்பவை பார்வை மகஜரும் (நிகழ்விடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிய குறிப்பு) மாதிரி வரைபடமும் புகைப்படங்களும்தான். காவல் துறையின் புகைப்படப் பிரிவில் சேருகிறவர்களும், நிலையத்திலிருந்து அழைப்பு வந்து போகும் ஸ்டுடியோக்காரர்களும் இதை மறக்காமல் இருந்தால், கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்காது.

முதல் தவறு, கேமரா பையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நேரே உள்ளே போய், இருட்டாக இருக்கிறதென்று விளக்கைப் போட்டுவிடுவார்கள். விளக்கு அணைந்திருந்ததும் ஒரு தடயம்தான். வாசற்படியிலேயே நின்று, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. யாரோ பதற்றத்தில் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்திருப்பார்கள். அதை மறுபடி தரையில் வைத்துப் படமெடுக்கச் சொல்வார்கள். செய்யவே கூடாது. கத்தி இப்போது இருக்கும் இடத்திலேயே எடுங்கள். யார் நகர்த்தினார், எப்போது நகர்த்தினார் என்பதை விசாரணை அதிகாரி எழுத்தில் பதிவு செய்யட்டும். கத்தி கிடந்த இடத்து ரத்தக்கறையும் கத்தியின் மேலுள்ள கறையும் பொருந்தவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி எழுந்தால் போதும், நேர்மையாக எடுத்த மற்ற படங்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் சடலத்தின் முகத்துக்கும் காயத்துக்கும் போய்விடுவது. கல்யாண மண்டபத்தில் பழகிய கண் அப்படித்தான் முகத்தைத் தேடும். குற்ற நிகழ்விடத்தில் தொலைவு, நடுத்தூரம், அண்மை என்ற வரிசை மாறக் கூடாது. தெருவும் கதவு எண்ணும் தெரிய ஒன்று. சாலையோரம் என்றால் மின்கம்பத்தின் எண்ணும் சேர்ந்து வரட்டும். அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு கத்தியும் அருகிலுள்ள கட்டில் காலும் ஒரே படத்தில் சேர்ந்து தெரிய ஒன்று. அதன் பிறகே கத்தியை மட்டும் அண்மையில் எடுக்கலாம். இந்த நடுத்தூரப் படத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், அண்மைப் படத்தில் இருக்கும் கத்தி எந்த அறையில் கிடந்தது என்பதைப் படம் சொல்லாது. தலைக்கு மேலேயும் பாருங்கள். ஓங்கிய ஆயுதத்திலிருந்து தெறித்த ரத்தம் கூரையில் இருக்கலாம்.

படத்தைப் பார்த்தே அளவெடுக்க முடிய வேண்டும் என்ற எண்ணம் பழையது. பாரிஸ் காவல் துறையில் அல்போன்ஸ் பெர்ட்டியோன் உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, சடலத்தை நேர் மேலிருந்து படம் பிடித்தார். படத்தின் ஓரங்களில் அளவுக்குறிகள் இருக்கும். அவர் இறந்தது 1914-இல். இன்றும் சிலர் காயத்துக்குப் பக்கத்தில் நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்து எடுக்கிறார்கள் என்பது வருத்தமானது. முறையான அளவுகோல் வேண்டும். அளவுகோல் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம் என இரண்டும் வேண்டும். இல்லையென்றால் அளவுகோலுக்கு அடியில் எதை மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். கேமரா தடயத்துக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். பல் தடங்களுக்குப் பயன்படும் எல் வடிவ அளவுகோலில் வட்டங்கள் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான்: கேமரா சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவமாகித் தவறைக் காட்டிவிடும்.

ஈர மண்ணில் பதிந்த செருப்புத் தடம் இந்த வேலையின் உண்மையான சோதனை. இதில் மூன்று தவறுகள் ஒன்றாக நடக்கும். அளவுகோலைத் தரையின் மேல்மட்டத்தில் வைத்துவிடுவார்கள். தடத்தின் அடியோ கீழே இருக்கும், அளவு பிசகிவிடும். பக்கத்து மண்ணைத் தடம் சேதமாகாமல் சற்றுத் தோண்டி, அடிமட்டத்துக்குச் சமமாக அளவுகோலை வைக்க வேண்டும். இரண்டாவது, கேமராவின் மேலிருக்கும் பிளாஷை அப்படியே அடிப்பது. நேர் வெளிச்சத்தில் தேய்மானமும் கோடுகளும் மறைந்து தடம் தட்டையாகிவிடும். சாயங்கால வெயிலில் உழுத வயலின் படைச்சால்கள் துலங்குவதைப் போல, பக்கவாட்டு ஒளியில்தான் தடம் எழுந்து நிற்கும். பிளாஷைக் கழற்றி, தரையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பகலென்றால் ஒருவர் குடை பிடித்து வெயிலை மறைக்கட்டும். கேமரா முக்காலியில்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, தடத்துக்குள் அழுந்திக் கிடக்கும் சருகைச் சுத்தம் செய்வதாக நினைத்துப் பிய்த்து எடுப்பது. அதோடு தடமும் போய்விடும். பாரிஸ் சாந்து ஊற்றி அச்செடுப்பதெல்லாம் படம் எடுத்த பிறகே.

மொபைல் போனில் எடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. போனில் செய்வதை அதுவே விரும்புகிறது. ஆனால் வீடியோ ஓடும்போது சுற்றி நிற்பவர்கள் "இவன்தான் செய்திருப்பான்" என்று பேசுவதும் பதிவாகும். வீடியோ இருக்கிறதென்று புகைப்படத்தை விடுவதும் தவறு; வீடியோவிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைக் காட்சியில் ரேகைத் தடத்தின் நுணுக்கம் கிடைக்காது.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே கோப்பில் சேர்ப்பது மிகப் பெரிய கேடு. வழக்கமாக அனுப்பினால் படம் சுருங்கும், தேதி முதலான உள்விவரங்கள் உதிரும். மங்கலாக விழுந்த படத்தையும் அழிக்காதீர்கள். பட எண் 141-க்கு அடுத்து 143 இருந்தால் 142 எங்கே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. கேமராவின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, வெளிச்சம் கூட்டுவதெல்லாம் நகலில் செய்யுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குத் தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறியீடு) இடம்பெற வேண்டும். கோப்பு சற்றே மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

சடலத்தின் படத்தை நண்பர்கள் குழுவில் போடுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. மகன் இறந்த செய்தியை ஒரு தாய் யாரோ அனுப்பிய படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது கொடுமை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. மெமரி கார்டு யார் கையில், எந்த நேரத்தில் இருந்தது என்பதற்குப் பதிவேடு வேண்டும்.

உயிரோடு இருப்பவரின் காயங்களை ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு நிறுத்துவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அடிபட்ட அன்று லேசாகச் சிவந்திருக்கும் இடம் ஓரிரு நாளில் கன்றி, பெல்ட்டின் வடிவமோ விரல்களின் வடிவமோ தெளிவாகத் தெரியலாம். மருத்துவமனைக்கு மறுபடி போய், காயம்பட்டவரின் ஒப்புதலோடு, அதே அளவுகோலை வைத்து அதே கோணத்தில் எடுங்கள். பெண்ணாக இருந்தால் பெண் பணியாளரே எடுப்பது முறை. அன்றைய தேதியையும் நேரத்தையும் முதல் நாள் குறிப்புக்குக் கீழேயே எழுதிவையுங்கள்.