ஷெங்கன் விசாவை ஏஜென்ட்டிடம் கொடுக்கும்போது

பாரிஸ், ரோம், சூரிக் என்று பத்து நாள் சுற்றிவரத் திட்டமிடுகிறவர்கள் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஒரே விசா, வாங்கும் வேலையை ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பதில் தப்பே இல்லை. ஃபாரம் நிரப்புவது, காகிதங்களை அடுக்குவது, அப்பாயின்ட்மென்ட் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஆனால் ஃபாரத்தின் கடைசியில் கையெழுத்துப் போடுவது நீங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் தூதரகம் உங்களைத்தான் கேட்கும். அதனால் வேலையைக் கொடுங்கள், பிடியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். விசா தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது அந்தந்த நாட்டின் தூதரகம். விஎஃப்எஸ், ஸ்பெயினுக்கு பிஎல்எஸ் போன்றவை விண்ணப்ப மையங்கள்: காகிதத்தை வாங்கும், கைரேகை எடுக்கும், தூதரகத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஏஜென்ட் இவர்கள் இருவருக்கும் வெளியே இருக்கும் தனியார். "உள்ளே நமக்கு ஆள் இருக்கு", "நூறு சதவீதம் கேரண்டி" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பணம் பேசும்போது ஏஜென்ட் மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விசா கட்டணம், மையத்தின் சேவைக் கட்டணம், ஏஜென்ட்டின் கூலி என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 2024 ஜூனிலிருந்து விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. "கிடைக்கலைன்னா பணம் வாபஸ்" என்கிறவர் எந்தப் பணத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவருடைய கூலியை மட்டுமே அவரால் திருப்பித் தர முடியும். விண்ணப்ப மையத்தில் பிரீமியம் லவுஞ்ச், கூரியர், எஸ்எம்எஸ் எல்லாம் விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்பவை. அவற்றைக் கட்டாயம் என்று சொல்லிச் சேர்த்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சந்தேகம் எழுந்தால் 45 நாள் வரை ஆகும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரலில் ஏஜென்ட்டைத் தேடினால் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வாங்கியதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது காலியாக உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் ஏஜென்ட்டுகள் அதிகம் விளையாடுகிறார்கள். விதி எளிது: அதிக நாள் தங்கும் நாட்டுக்கு, நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு, இத்தாலியில் இரண்டு இரவு தங்கப் போகிறவருக்கு, இத்தாலிக்கு ஸ்லாட் இருக்கிறது என்பதற்காகத் திட்டத்தையே தலைகீழாக்கி எழுதிக் கொடுப்பார்கள். விசாவும் வந்துவிடலாம். ஆனால் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஹோட்டல் புக்கிங்கைக் கேட்டால் நீங்கள் காட்டுவதும் விண்ணப்பத்தில் உள்ளதும் ஒத்துப்போகாது. பொய்யான தகவல் தந்து வாங்கிய விசாவை அங்கேயே ரத்து செய்யலாம். லண்டனையும் சேர்த்த பயணம் என்றால் பிரிட்டன் விசா தனி. லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸுக்குத் திரும்புவதானால் ஷெங்கனில் ஒருமுறை நுழைவு விசா போதாது.

ஃபாரம் தொடங்கும் நாளிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மின்னஞ்சல், கைபேசி எண் இரண்டும் என்னுடையவையாக இருக்கட்டும். பல அலுவலகங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் தங்கள் முகவரியையே போடுகின்றன. தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டு எழுதும் கடிதம் அங்கே கிடந்து, கெடு தாண்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெயர்தான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் முதல் பெயர் முருகன், குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் ராமசாமி. வங்கிக் கணக்கில் ஆர். முருகன். சம்பளச் சீட்டில் முருகன் ஆர். ஏஜென்ட் டிக்கெட் போடும்போது முன்பின் மாற்றிப் போட்டிருப்பார். ஃபாரம், டிக்கெட், ஹோட்டல், காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வங்கி, அலுவலகக் காகிதங்களில் இனிஷியல் மட்டும் இருந்தால், "ஆர் என்பது என் தந்தை பெயரின் முதல் எழுத்து" என்று கவர் லெட்டரில் (விண்ணப்பத்தோடு நீங்கள் வைக்கும் விளக்கக் கடிதம்) ஒரு வரி எழுதுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்த பெண்கள், பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பழைய பெயரை எழுத வேண்டும். ஏஜென்ட் அவசரத்தில் இரண்டிலும் ஒன்றையே போட்டுவிடுவார்.

வங்கிக் கணக்கு அறிக்கை மூன்று மாதத்துக்குக் கேட்பார்கள். சில நாடுகள் ஆறு மாதம். வங்கி முத்திரையோடு வாங்குங்கள். அதிகாரி கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதம் 40 ஆயிரம் வரும் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் நான்கு லட்சம் வந்து விழுந்தால், அது யாருடைய பணம் என்றுதான் கேட்பார். சீட்டு எடுத்த பணமோ, எஃப்.டி. முடிந்த பணமோ, நகைக் கடனோ, எதுவாக இருந்தாலும் அதற்கான காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஹோட்டல் புக்கிங் இருப்பவருக்கு பிரான்ஸ் நாளொன்றுக்கு 65 யூரோ எதிர்பார்க்கிறது. "அறிக்கையை நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்கிற ஏஜென்ட்டிடம் ஒரு நிமிடம்கூட இருக்காதீர்கள். போலி ஆவணம் என்று மறுத்தால் அந்தப் பதிவு ஐரோப்பிய விசா தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டு நிற்கும். எந்த ஷெங்கன் நாட்டுக்கு மறுபடி போட்டாலும் அது தெரியும்.

டிக்கெட்டைப் பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை, முன்பதிவு போதும். ஆனால் ஏஜென்ட் தரும் டம்மி டிக்கெட்டின் பிஎன்ஆர் (முன்பதிவு எண்) சில நாளிலேயே காலாவதியாகிவிடும். தூதரகத்தில் கோப்பைத் திறக்கும் நாளில் தேடினால் ஒன்றும் இருக்காது. ஹோட்டலிலும் இதே கதைதான்: விண்ணப்பம் கொடுத்த மறுநாளே புக்கிங்கை ரத்து செய்துவிடுவார்கள், தூதரகமோ ஹோட்டலுக்கே கேட்டு உறுதிசெய்யலாம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை உங்கள் கணக்கிலேயே போட்டு, முடிவு வரும்வரை வைத்திருங்கள். காப்பீட்டில் 30,000 யூரோ குறைந்தபட்சம். 30,000 டாலர் பாலிசியைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. 50,000 டாலர் எடுத்தால் கவலை இல்லை.

கவர் லெட்டரை மட்டும் ஏஜென்ட்டிடம் விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே அச்சில் போகும் கடிதத்தைத் தினமும் படிக்கும் அதிகாரிக்கு அது எந்த அலுவலகத்துக் கடிதம் என்றே தெரிந்திருக்கும். ஒரு பக்கம் போதும்: யார் நீங்கள், எந்தத் தேதியில் எந்த ஊர், செலவு யாருடையது, திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் விடுப்புத் தேதியும் பதவியும் சம்பளமும் எழுதிய கடிதத்தை அலுவலகத்தில் வாங்குங்கள்.

சமர்ப்பிப்பதற்கு முன் முழுக் கோப்பையும் பிடிஎஃப்பாக வாங்கி வரி வரியாகப் படியுங்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் அசலை வாரக்கணக்கில் ஏஜென்ட்டிடம் விட்டுவைக்கவும் வேண்டாம்; ஃபாரம் நிரப்ப நகல் போதும். கடந்த 59 மாதத்தில் ஷெங்கனுக்குக் கைரேகை கொடுக்காதவர் நேரில்தான் போக வேண்டும், அன்றைக்கு அசலை நீங்களே கொண்டுபோகலாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு தேனிலவு விசாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: விரல் நுனியில் மருதாணி இருந்தால் ரேகை சரியாகப் பதியாமல் போகலாம். அது மறைந்த பிறகு தேதி எடுங்கள்.

மறுப்பு வந்தால் பாஸ்போர்ட்டுடன் காரணம் குறித்த ஒரு தாளும் வரும். ஏஜென்ட் உறையை வாங்கியிருந்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக் கெடு அதில்தான் இருக்கும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை நிறுத்திவிட்டது, அதற்காகக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை.

விசா வந்தால் ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், தங்கும் நாட்கள், நுழைவு எண்ணிக்கை ஐந்தையும் அன்றே பார்த்து, பிழை இருந்தால் உடனே மையத்துக்குச் சொல்லுங்கள். கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி இரண்டு ஆண்டுப் பலமுறை நுழைவு விசா தர வழி உண்டு. பழைய ஃபாரத்தையே நகலெடுக்கும் ஏஜென்ட் ஒருமுறை நுழைவு என்றே டிக் போட்டு அனுப்பிவிடுவார். அந்தக் கட்டத்தை நீங்கள் பார்த்து மாற்றச் சொல்லி, பழைய விசாக்களின் நகலையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.