வேலூர்ல இருந்து ரக்பி ஆட ஆரம்பிக்கிறது எப்படி

கபடி ஆடுன பையனா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, ஆள் மேல பாயுற பயம் இருக்காது. ஆனா டேக்கிள் பண்றது, அதாவது பந்தோட ஓடுறவன புடிச்சுக் கீழ சாய்க்கிறது, வேற, தோள்பட்டைய எதிராளி இடுப்புக்குக் கீழ வச்சு ரெண்டு கையாலயும் தொடைய சுத்திக் கட்டணும், உங்க தலை அவன் ஓடுற வழில நிக்காம அவன் உடம்புக்குப் பின்பக்கம் ஒட்டி இருக்கணும், இல்லன்னா அவன் முட்டி நேரா உங்க தலைலதான் இடிக்கும், அதனால முதல் மாசம் முட்டி போட்டு மெதுவாவே பழகுங்க.

பந்த கையால முன்னாடி பாஸ் பண்ணக் கூடாது. டிரைக்கு, அதாவது எதிரணியோட கோல் கோட்டத் தாண்டிப் போய் பந்த தரைல வச்சு அழுத்துறதுக்கு, 5 பாயிண்ட்.

முழு ரக்பி டீமுக்கு 15 பேர் சேக்குறது நம்ம ஊர்ல கஷ்டம், அதனால செவன்ஸ்ங்கிற சின்ன ரக்பில ஆரம்பிங்க, டீமுக்கு 7 பேர், ஒரு பாதிக்கு 7 நிமிஷம், 2016ல இருந்து ஒலிம்பிக்ல கூட இருக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாலாத்து மணல்ல ஓடுங்க, காலுக்கு அத விட நல்ல ஜிம் கிடையாது.

நியூசிலாந்து ஆட்டக்காரர் ஜோனா லோமு 1995 உலகக்கோப்பை அரையிறுதில இங்கிலாந்த எதிர்த்து 4 டிரை போட்டப்ப அவருக்கு வயசு 20தான், அந்த வீடியோவ கண்டிப்பா பாருங்க.

தலைல அடிபட்டு கிறுகிறுன்னு வந்தா அன்னிக்கு ஆட்டம் அவ்ளோதான், டாக்டர் சொல்ற வரைக்கும் இறங்காதீங்க.