ரெஸ்லிங் ஷோவை விமர்சனம் செய்வது எப்படி? ரெஸில்மேனியா 17-ஐ வைத்து ஒரு செய்முறை

தமிழில் ரெஸ்லிங் பார்ப்பவர்கள் ஏராளம், எழுதுபவர்கள் குறைவு. டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டுகளை வைத்து மதிய இடைவேளையில் விளையாடி வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. ஆனால் ஒரு ஷோ முடிந்ததும் பேச்சு "செம மேட்ச்", "மொக்கை மேட்ச்" என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் செம, எந்த இடத்தில் மொக்கையானது என்று சொல்லப் பழகினால், பார்க்கும் சுகமே கூடிவிடும்.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதானே, இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கூத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ரெஸ்லிங்கிலும் கேள்வி யார் ஜெயித்தார் என்பது இல்லை. இந்த மேட்ச்சுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது, அந்த வேலை நடந்ததா என்பதுதான். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவை.

எடுத்துக்காட்டாக, டபிள்யூடபிள்யூஎஃப் (இப்போது டபிள்யூடபிள்யூஇ) நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் மிகப்பெரிய ஷோவான ரெஸில்மேனியாவில் 17-வதை எடுத்துக்கொள்வோம். 2001 ஏப்ரல் 1 அன்று டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில், ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நடந்தது. வந்த கூட்டம் 67,925 என்று அறிவித்தார்கள். மொத்தம் 11 மேட்ச்கள். பல ரசிகர்கள் இதை எல்லாக் காலத்துக்குமான சிறந்த ரெஸில்மேனியா என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். எல்லா வகை மேட்ச்சும் ஒரே ஷோவில் கிடைப்பதால், கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான ஷோ அமைவது கடினம்.

படி 1: முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள்

முதல் முறை ரசிகராக மட்டும் பாருங்கள். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே கை தானாக போனைத் தேடியது என்பது மனதில் நிற்கும். விமர்சனத்தின் ஆதாரமே அதுதான். குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தால் அந்த உணர்வு பதிவாகாது.

இரண்டாம் முறை குறிப்பேட்டோடு உட்காருங்கள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் யார் யார், சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட் உண்டா, என்ன விதி, எத்தனை நிமிடம், எப்படி முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பத்தி காலியாக இருக்கட்டும், அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 2: மேட்ச்சின் வேலை என்ன என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லா மேட்ச்சையும் ஒரே அளவுகோலால் அளந்து, சின்ன மேட்ச்களை "நேரம் போதவில்லை" என்று தள்ளிவிடுவார்கள்.

சைனாவும் ஐவரியும் மோதிய பெண்கள் சாம்பியன்ஷிப் மேட்ச்சைப் பாருங்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. ஒருதலைப்பட்சமான இந்த மாதிரி மேட்ச்சை ஸ்குவாஷ் என்பார்கள். ஐவரியால் கழுத்தில் காயம்பட்ட சைனா திரும்பி வந்து பழி தீர்க்கிறார் என்பது கதை. ஒரு கட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பிருந்தும் பின்னை (எதிராளியின் தோள்களை மூன்று எண்ணும் வரை தரையில் அழுத்தி வைப்பதை) அவரே விட்டுக்கொடுத்து, ஐவரியைத் தூக்கி மீண்டும் அடிக்கிறார். இது 15 நிமிடம் ஓடியிருந்தால் கதையே கெட்டுப்போயிருக்கும். குறுகிய நேரம் இங்கே சரியான முடிவு.

அயர்ன் ஷீக் வென்ற பழைய கதாபாத்திரங்களின் பேட்டில் ராயலில் (பலர் ஒரே நேரத்தில் மோதி, ஒருவரையொருவர் கயிற்றுக்கு மேலே வெளியே தள்ளும் மேட்ச்), வீரர்கள் உள்ளே வந்த நேரம் மேட்ச்சை விட நீளம். பழைய முகங்களைக் கண்டு கூட்டம் மகிழ வேண்டும், இரண்டு பெரிய மேட்ச்களுக்கு நடுவே மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு முந்தையது ஏணி மேட்ச், பிந்தையது அண்டர்டேக்கர் மேட்ச் என்று பார்த்தால் அது ஏன் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது புரியும்.

படி 3: மேட்ச்சின் உள்ளே பாருங்கள்

கொஞ்சம் பொறுமை வேண்டிய படி இது. பெரும்பாலான மேட்ச்களுக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. முதலில் நல்லவன் கை ஓங்கும். அப்புறம் வில்லன் ஏதாவது தந்திரம் செய்து ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்புவான். நடுவில் நீண்ட நேரம் அடி, வலி. பிறகு நல்லவனின் எழுச்சி, கடைசியில் முடிவு. நல்லவனை ஃபேஸ் என்றும் வில்லனை ஹீல் என்றும் ரெஸ்லிங் வட்டாரத்தில் சொல்வார்கள். இந்த வடிவம் எங்கே பின்பற்றப்பட்டது, எங்கே வேண்டுமென்றே மீறப்பட்டது என்று பார்ப்பதே பாதி விமர்சனம்.

மீதிப் பாதி, செல்லிங். வாங்கிய அடியை உடலில் காட்டும் கலைக்கு அந்தப் பெயர். ஷோவின் முதல் மேட்ச்சில் கிறிஸ் ஜெரிக்கோவும் வில்லியம் ரீகலும் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்காக மோதுகிறார்கள். ஜெரிக்கோவின் தோள்பட்டையில் ஏற்கெனவே காயம் என்பது கதை. ரீகல் அதைத்தான் குறிவைக்கிறார். ரிங் மூலையின் பேடைக் கழற்றிவிட்டு அந்தத் தோளையே பதம் பார்க்கிறார். நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. ஜெரிக்கோ திருப்பி அடிக்கும்போதும் அந்தக் கை வலிக்கிற கையாகவே இருக்கிறதா? இல்லை, எழுச்சி நேரம் வந்ததும் வலி மறந்துபோகிறதா? சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு இந்த ஏழு நிமிடத்தை ஒரு முறை பாருங்கள். வர்ணனையாளர் உணர்ச்சியைக் கையில் கொடுக்காதபோது உடல்கள் மட்டும் பேசும். நல்ல செல்லிங் எது, சுமாரானது எது என்று அப்போது பளிச்சென்று தெரியும்.

தவறுகளையும் பாருங்கள், ஆனால் அளவோடு. எடி கெரேரோ, டெஸ்ட் மேட்ச்சில் டெஸ்ட்டின் கால் கயிறுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். மேட்ச் எவ்வளவு நேரம் தடுமாறியது, இருவரும் அதிலிருந்து எப்படி மீண்டு கதைக்குத் திரும்பினார்கள் என்று எழுதுங்கள். வாசகருக்குப் பயன்படுவது அதுதான்.

கர்ட் ஆங்கிள், கிறிஸ் பெனுவா மேட்ச்சைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நிஜ மல்யுத்த வீரர். அதனால் முதல் சில நிமிடங்கள் குத்தோ உதையோ இல்லாமல் தரையில் பிடிச்சண்டையாகவே போகிறது, அது மிகச் சரியான தொடக்கம். ஆனால் பெனுவா 2007 ஜூனில் மனைவியையும் சிறு மகனையும் கொன்று, தன் உயிரையும் மாய்த்துக்கொண்டவர். இதை மறைத்துவிட்டு மேட்ச்சைப் புகழ்வதும் சரியில்லை, அந்த மேட்ச்சே நடக்காதது போல எழுதுவதும் சரியில்லை. ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பார்ப்பதும் பார்க்காததும் வாசகர் விருப்பம் என்று விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

படி 4: ஆபத்தான அடிகளுக்கு மதிப்பெண் போடும் முன் யோசியுங்கள்

எட்ஜ் மற்றும் கிறிஸ்டியன், ஹார்டி சகோதரர்கள், டட்லி சகோதரர்கள் ஆகிய மூன்று ஜோடிகள் மேசை, ஏணி, நாற்காலிகளோடு மோதிய மேட்ச்சில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி ஒன்று உண்டு. ஜெஃப் ஹார்டி உயரத்தில் பெல்ட்களைப் பிடித்துத் தொங்குகிறார். எட்ஜ் ஏணியிலிருந்து பாய்ந்து அந்தரத்திலேயே அவரை ஸ்பியர் செய்து (தோளால் வயிற்றில் மோதி) கீழே தள்ளுகிறார். இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும்.

இந்த மாதிரி சாகசத் தருணத்தை ஸ்பாட் என்பார்கள். ஸ்பாட் எத்தனை என்று எண்ணி நட்சத்திரம் போடாதீர்கள். அது கதைக்குள் எங்கே விழுந்தது என்று பாருங்கள். மேலே சொன்ன ஸ்பியர் வெறும் வித்தை கிடையாது. ஹார்டியின் கையில் பெல்ட் இருக்கிறது, அவிழ்த்தால் மேட்ச் முடிந்தது. அதைத் தடுக்க எட்ஜுக்கு வேறு வழியில்லாத நொடி அது. அதனால்தான் அது மனதில் நிற்கிறது.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். நாற்காலியால் தலையில் அடிப்பதை டபிள்யூடபிள்யூஇ 2010-ல் தடை செய்தது. 2001-ல் நடந்ததை அந்தக் காலத்தின் வழக்கமாகப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மண்டையில் விழுந்த ஒவ்வொரு அடியையும் "வெறித்தனம்" என்று கொண்டாடி எழுத வேண்டியதில்லை.

படி 5: கூட்டத்தைக் கேளுங்கள்

ரெஸ்லிங்கில் கூட்டமும் ஒரு பாத்திரம். ஷேன் மெக்மானும் அப்பா வின்ஸ் மெக்மானும் மோதிய தெருச்சண்டை மேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வின்ஸ் அப்போது ஐம்பத்தைந்து வயதுக்காரர். பிடிகளின் நுட்பத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட லிண்டா மெக்மான் (வின்ஸின் மனைவி, ஷேனின் அம்மா) சக்கர நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நிற்கும்போது அரங்கம் எழுப்பும் ஓசையைக் கேளுங்கள். வாரக்கணக்கில் வளர்த்த கதை அந்த ஒரு நொடியில் வசூலாகிறது. இந்த மேட்ச்சுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டால் ஏன் என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாறாக, அண்டர்டேக்கர், ட்ரிபிள் எச் மேட்ச்சில் நடுவர் அடிபட்டு விழுந்து, நம்ப முடியாத அளவு நீண்ட நேரம் எழாமல் கிடப்பார். மேட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "அந்த நடுவருக்கு என்ன ஆச்சு?" என்று பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கிவிட்டால் கதையின் பிடி தளர்ந்துவிடும். என் கணக்கில் அது குறைதான்.

படி 6: முடிவை நிதானமாக எடைபோடுங்கள்

கடைசி மேட்ச்சில் சாம்பியன் தி ராக்கும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் சுமார் 28 நிமிடம் மோதுகிறார்கள். கழுத்து அறுவை சிகிச்சையால் நெடுங்காலம் வெளியே இருந்துவிட்டு வந்தவர் ஆஸ்டின். இந்த பெல்ட் எப்படியாவது வேண்டும் என்ற வெறி அவருக்கு. மேட்ச் தொடங்கும் நேரத்தில்தான் தகுதிநீக்கம் கிடையாது, அதாவது விதியை மீறினாலும் தோல்வி இல்லை என்று அறிவிக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஆஸ்டினின் பரம எதிரியான வின்ஸ் வருகிறார். ராக்கின் பின்னைத் தடுக்கிறார். ஆஸ்டின் கேட்டதும் நாற்காலி எடுத்துக் கொடுக்கிறார். ஆஸ்டின் அதை வைத்து ராக்கை விடாமல் அடித்து வென்று, வின்ஸோடு கை குலுக்கிவிடுகிறார்.

கதையாக இது பிரமாதம். வெறி ஒருவனை எதுவரை கொண்டுபோகும் என்று மேட்ச் முழுக்க விதை போட்டிருக்கிறார்கள்: ஆஸ்டினின் பொறுமை குறைகிறது, அடியில் மூர்க்கம் ஏறுகிறது, ஒவ்வொரு முறை ராக் எழும்போதும் அவர் முகத்தில் பதற்றம் தெரிகிறது. ஆனால் நடந்த இடம் டெக்சாஸ், ஆஸ்டினின் சொந்த மாநிலம். வில்லனாக மாறிய மனிதனுக்குக் கூட்டம் கைதட்டிக் கூச்சலிடுகிறது. ஆஸ்டினே பின்னாளில் பேட்டிகளில் இந்த மாற்றத்துக்காக வருந்தியிருக்கிறார். என் தீர்ப்பு: மேட்ச் மகத்தானது, முடிவு தவறான ஊரில் நடந்தது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று நிறுத்தாமல், காரணத்தை மேட்ச்சுக்குள்ளிருந்து எடுத்துக்காட்டுங்கள்.

படி 7: நட்சத்திரங்கள்

ஐந்து நட்சத்திர முறையைப் பரவலாக்கியவர் ரெஸ்லிங் அப்சர்வர் இதழின் டேவ் மெல்ட்சர். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதிய மேட்ச்சுக்கு ஆறு நட்சத்திரம் கொடுத்து அந்த எல்லையை அவரே தாண்டினார். நீங்கள் ஐந்துக்குள் நில்லுங்கள். விமர்சனம் முழுவதையும் எழுதி முடித்த பிறகு கடைசியாக நட்சத்திரம் போடுங்கள். முதலில் போட்டால் எழுத்து அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

படி 8: எழுதுங்கள்

நகர்வுகளை வரிசையாக ஒப்பிக்காதீர்கள். இப்படி எழுதினால் யாருக்கும் பயனில்லை (லயன்சால்ட் என்பது ஜெரிக்கோ கயிற்றிலிருந்து பின்னோக்கிப் பறந்து எதிராளி மேல் விழும் அடி):

"ரீகல் ஜெரிக்கோவை மூலையில் மோதினார். பிறகு ஒரு சப்ளெக்ஸ். ஜெரிக்கோ எழுந்தார். லயன்சால்ட் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று."

அதையே இப்படிச் சொல்லலாம்:

"ரீகலுக்கு ஒரே திட்டம்தான், ஜெரிக்கோவின் தோள். மூலையின் பேடைக் கழற்றியதிலிருந்து அவர் வேறு எதையும் தேடவில்லை. பறந்து அடிக்கும் வீரனை இப்படித் தரையில் கட்டிவைத்ததால்தான், கடைசியில் வந்த லயன்சால்ட் விடுதலை போல இருந்தது. ஏழு நிமிடத்தில் கூட்டத்தைச் சூடாக்க வேண்டிய முதல் மேட்ச்சுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்றரை நட்சத்திரம்."

எல்லா மேட்ச்சுக்கும் சம அளவு இடம் தர வேண்டியதில்லை. கேனும் பிக் ஷோவும் ரேவனும் அரங்கின் பின்பக்கம் கோல்ஃப் வண்டியில் துரத்திக்கொண்ட மேட்ச்சுக்கு நான்கு வரி போதும், அது நல்ல ஜாலி. கடைசி மேட்ச்சுக்கு நான்கு பத்தி தாராளமாக எழுதலாம்.

ஒரு முழு ஷோ முதல் முயற்சிக்குப் பாரம் என்று தோன்றினால், ஒரே ஒரு மேட்ச்சில் தொடங்குங்கள். 1997 மார்ச் 23 அன்று ரெஸில்மேனியா 13-ல் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியது அதற்கு ஏற்றது. தொடக்கத்தில் ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் வில்லன். ஷார்ப்ஷூட்டர் என்ற கால் முறுக்குப் பிடியில் சிக்கிய ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தத்தோடு, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிப்போகிறார். மேட்ச் முடிவதற்குள் இருவரும் இடம் மாறியிருப்பார்கள். கூட்டத்தின் ஆதரவு எந்த நிமிடத்தில் ஆஸ்டின் பக்கம் சாயத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் முதல் பத்தியை அந்த நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.