பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் வாங்குமுன்: புது பிஸ்டனை நம்பாதீர்கள், கிராங்க்கை ஆட்டிப் பாருங்கள்

விற்பவர் பெரும்பாலும் முதலில் சொல்வது, "இப்பதான் புது பிஸ்டன் போட்டேன்." உடனே திருப்பிக் கேளுங்கள்: "கிராங்க்கை எப்ப பார்த்தீங்க?" டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே இருப்பவை. பந்தயத்தில் ஓடும் 125 சிசி வண்டியில் 20, 30 மணி நேரத்துக்கு ஒரு பிஸ்டன் மாற்றுவது சாதாரணம். ஹெட், சிலிண்டர் இரண்டையும் கழற்றினால் போதும், எஞ்சின் ஃபிரேமிலேயே இருக்கும். கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அப்படியல்ல. எஞ்சினை இறக்கி, அதன் கேஸை (வெளிக்கூட்டை) இரண்டாகப் பிரித்து, கிராங்க்கை பிரஸ்ஸில் கொடுத்து, மறுபடி நேர் பிடித்துப் போட வேண்டும். தளர்ந்த கிராங்க்கின் மேல் புது பிஸ்டன் போட்டால் கம்ப்ரஷன் நன்றாகத்தான் காட்டும். ஆனால் கூடுகிற அழுத்தம் முழுக்க ஏற்கெனவே தேய்ந்த பிக் எண்ட் பேரிங்கில் (கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்க்கோடு சேரும் இடம்) போய் விழும்.

போவதற்கு முன்பே மாடலையும் ஆண்டையும் கேட்டுக்கொண்டு, அந்த வண்டிக்கு பிஸ்டன் கிட், கேஸ்கெட் செட், கிராங்க் கிட், சிலிண்டர் நான்கும் இன்னும் கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள். முதல் மூன்றும் பல பழைய மாடல்களுக்குக் கிடைத்துவிடும். சிலிண்டர்தான் கிடைக்காமல் போகும். கையில் எடுத்துப்போக வேண்டியவை: பிளக் ஸ்பானர், கம்ப்ரஷன் கேஜ், டார்ச், 8, 10, 12 மி.மீ. டி ஸ்பானர், எக்ஸாஸ்ட் ஸ்பிரிங் கழற்றும் கொக்கி, ஒரு வெள்ளைத் துணி. "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்றும் சொல்லி வையுங்கள். போனதும் முதல் வேலையாக சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது லேசில் கிளம்பாது என்று வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

சீட்டையோ பக்க மூடியையோ கழற்றி ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஃபோம் ஃபில்டரில் பிசுபிசுவென்று ஃபில்டர் ஆயில் இருக்க வேண்டும். காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது மண்ணைத் தடுத்திருக்காது. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் ஒட்டினால் அதே மண் கிராங்க் பேரிங்குக்கும் போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. இந்த ஒரு துடைப்பில் தெரிவது விற்பவரின் பேச்சைவிட அதிகம்.

அடுத்து பிளக். பழுப்பு நிறம் என்றால் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போயிருக்கிறது அல்லது எங்கோ காற்று கசிகிறது. கறுத்து எண்ணெய் வழிந்தால் பெட்ரோலோ அதில் கலந்த ஆயிலோ அதிகம், அல்லது கியர் ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. பீங்கானின் மேல் மினுமினுக்கும் சிறு அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது.

பிளக் துளையில் கேஜை மாட்டுங்கள். பிளக்கைத் தொப்பியோடு எஞ்சின் உடம்பில் படும்படி வையுங்கள், இல்லாவிட்டால் சிடிஐ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கெடலாம். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். 125, 250 வண்டிகளில் 150 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. 120க்குக் கீழே என்றால் ரிங் வேலை காத்திருக்கிறது. ஹோஸ் நீளமாக இருந்து, பிளக் துளையில் மாட்டும் முனையில் வால்வு இல்லாத கேஜ் சிறிய எஞ்சினில் குறைத்துக் காட்டும். அதனால் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். உள்ளே ஆயில் ஊற்றி கம்ப்ரஷனை ஏற்றிக் காட்டும் வித்தையும் உண்டு. பிளக் துளை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தலை எண்ணெயில் மிதப்பது தெரிந்துவிடும்.

எக்ஸாஸ்ட் குழாயின் ஸ்பிரிங்கைக் கழற்றி, குழாயை இறக்கி, போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) வழியாகப் பாருங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்துங்கள். பிஸ்டன் சுவரில் ஆழமான நேர்க்கோடுகள் இருந்தால் ஒருமுறை சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்த) வண்டி. சுற்றிலும் பொடிக் கீறலாக மங்கியிருந்தால் மண் தின்றது. ரிங்குக்குக் கீழே பழுப்பு படிந்திருந்தால் ரிங் அடைப்பதில்லை, தீ கீழே இறங்குகிறது. சிலிண்டர் போரின் உட்சுவரில் அலுமினியம் அப்பிய தடம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இரும்பு ஸ்லீவ் போட்ட சிலிண்டரை போர் செய்து (உள்ளே குடைந்து அகலமாக்கி) பெரிய பிஸ்டன் போடலாம். நிக்கசில் (நிக்கல் கலந்த கடினமான) பூச்சு கொண்டதை அப்படிச் செய்ய முடியாது. திரும்பப் பூச்சு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு சிலிண்டர்தான்.

கிராங்க்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேக்னட் (கிராங்க்கின் ஒரு முனையில் சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்) பக்க மூடியைக் கழற்றுங்கள். மூடிக்குள் பெட்ரோல் கலந்த கறுப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் அந்தப் பக்க கிராங்க் சீல் (கிராங்க் முனையில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. மேக்னட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்கில் கையால் உணரும் அளவு ஆட்டமே இருக்கக் கூடாது.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியைத் துளை வழியாக பிஸ்டன் தலையில் வையுங்கள். இரும்பு வேண்டாம், கீறும். பிஸ்டனைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்து, குச்சியை லேசாக அழுத்தியபடி மேக்னட்டை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசையுங்கள். மேக்னட் அசைந்த கணமே குச்சியும் அசைய வேண்டும். நடுவில் ஒரு வெற்று இடம் தெரிந்து "டக்" என்று பிடித்தால் பிக் எண்ட் தேய்ந்துவிட்டது. சிலிண்டரைத் திறந்து காட்டும் விற்பனையாளர் என்றால் கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலே இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது இயல்பானது. அதைக் காட்டிப் பயமுறுத்தி விலை குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு.

சீல் கசிவைப் பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதுதான் பிடிக்க முடியும். இரண்டு பக்கமும் கெடுதல் வேறு வேறு. மேக்னட் பக்கத்தில் வெளிக்காற்று உள்ளே போகும். கலவை மெலியும், பிஸ்டன் சீஸ் ஆகும். கிளட்ச் பக்கத்தில் கியர் ஆயிலை உறிஞ்சும். நிற்காத வெள்ளைப் புகை, நனைந்த பிளக், காரணமின்றிக் குறையும் கியர் ஆயில்.

ஸ்டார்ட் செய்த பிறகு

ரேடியேட்டர் உள்ள வண்டியானால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள் (சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள்). தொடர்ந்து குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஓ ரிங் கசிகிறது. வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே சொட்டினால் சீல் போயிற்று. கியர் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளேயே கலந்துவிட்டது.

முதல் சில நிமிடம் நீலப் புகை வருவது டூ ஸ்ட்ரோக்கின் குணம். சூடானதும் குறைய வேண்டும். நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி விடுங்கள். உடனே ஐட்லிங்குக்கு இறங்க வேண்டும். மேலேயே தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினால் முதலில் கேபிள் சிக்குகிறதா என்று பாருங்கள். கேபிள் சரியென்றால் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு இருந்தால் சின்ன வேலை, கிராங்க் சீல் என்றால் கொஞ்சம் பெரிது. உறுதியாகத் தெரிய எஞ்சினின் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றேற்றி, அது 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தெருவில் வைத்து இதற்கு யாரும் விடமாட்டார்கள்.

ஓட்டும்போது எல்லா கியரையும் முழு இழுப்பில் சோதியுங்கள். இரண்டாம், மூன்றாம் கியர் வெளியே குதித்தால் கியரின் பக்கவாட்டில் உள்ள பிடிப் பற்கள் (டாக்) மழுங்கியிருக்கின்றன, அதற்கும் கேஸைப் பிளக்க வேண்டும். நடு ஆர்பிஎம்மில் திடீரென்று ஒரு தள்ளல் வர வேண்டும். வராவிட்டால் பவர் வால்வு (வேகத்துக்கு ஏற்ப எக்ஸாஸ்ட் போர்ட்டின் அளவை மாற்றும் பாகம்) கரி பிடித்து இறுகியிருக்கலாம் (யமஹாவின் ஒய்பிவிஎஸ், காவாசாகியின் கிப்ஸ், ஹோண்டாவின் ஹெச்பிபி எல்லாம் இந்த வகைதான்). பெரும்பாலும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். 10, 15 நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, சூட்டிலேயே மறுபடி உதையுங்கள். குளிரில் கிளம்பி, சூட்டில் கிளம்பாத வண்டிக்கு ரிங்கோ மேக்னட் காயிலோ காரணமாக இருக்கும்.

உடம்பு

முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் டார்ச் அடியுங்கள். செயின் அறுந்து எஞ்சின் கேஸை உடைத்த தழும்பு, வெல்டு, எபாக்சி பூச்சு இங்கேதான் ஒளிந்திருக்கும். ஃபிரேமின் அடிப்பாகம், ஃபுட்ரெஸ்ட் பிடி, ஹேண்டில் கழுத்து மூன்றிலும் விரிசலைத் தேடுங்கள். ஓரிடத்தில் மட்டும் புதிதாகப் பெயின்ட் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, டயரைப் பிடித்து மேலே உயர்த்துங்கள். ஷாக் அசையும் முன் "டிக்" என்றால் லிங்கேஜ் (பின் ஷாக்கை இணைக்கும் கைகள்) பேரிங் போய்விட்டது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன்செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) மாற்ற வேண்டும். ஃபோர்க்கில் வழியும் எண்ணெய் சீல் வேலைதான். குரோமில் நகம் தட்டும் கீறல் இருந்தால் புது சீலும் நிற்காது. பின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து செயினை இழுத்தால் பாதிப் பல்லுக்கு மேல் தெரியக் கூடாது. ஸ்போக் கம்பிகளை ஸ்பானரால் தட்டுங்கள். எல்லாம் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொட்டையாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

ஃபிரேம் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தாளோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரத்தின் தடம் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். டர்ட் பைக் பலவற்றுக்குச் சாலைப் பதிவே இருக்காது. அதனால் முதல் பில்லும் கைமாறிய எழுத்தும் இன்னும் முக்கியம்.

கடைசியாக, பெட்ரோலில் எந்த அளவுக்கு ஆயில் கலக்கிறார் என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு எண் வர வேண்டும். 32க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 31 மி.லி., 40க்கு 1 என்றால் 25 மி.லி. "ஒரு மூடி ஊத்துவேன்" என்பவரின் வண்டியில் மேலே சொன்ன கிராங்க் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். வண்டி உங்கள் கைக்கு வந்ததும் டேங்கில் இருப்பதை முழுக்க வடித்துவிட்டு, நீங்கள் அளந்து கலந்த பெட்ரோலை ஊற்றிய பிறகே கிக்கரில் கால் வையுங்கள்.