தாளின் ஓரத்தைப் படியுங்கள்: பழைய டோப்போ தாளில் ஊர் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இந்தப் பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோவிலில் பொங்கல் பானை பொங்கி வரும் நேரத்தில் ஒரு வாக்குவாதம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த இளைஞர் ஒருவர் செல்பேசியில் பழைய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த இடத்தில் குளமே கிடையாது தாத்தா, நீங்கள் வேறு ஊரை நினைத்துக்கொண்டு சொல்கிறீர்கள்" என்று ஒரு பெரியவரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் கோபப்படவில்லை. "நான் குளித்த குளம் தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடங்களுக்கு முன்பு இதே தோரணையில் நானும் பேசியிருக்கிறேன். அவர் விரித்திருந்தது மேடு பள்ளம், குளம், சாலை, வீடு எல்லாம் குறித்த வரைபடம்; பள்ளிப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம். நாங்கள் டோப்போ தாள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்திய நில அளவைத் துறையின் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பூர்வீகம் தேடுகிறவர்கள் நெல்லைச் சீமையில் இப்போது பெருகி வருகிறார்கள். தாளை மடிக்காதே, அளவுகோலைப் பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எழுதுவது தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களைப் பற்றி.

ஒரு தாளோடு நிறுத்திக்கொள்வது

பழைய திருநெல்வேலி ஜில்லா ஒரு தாளில் அடங்காது. கிழக்குத் தீர்க்கரேகை 77 முதல் 78 வரை, வடக்கு அட்சரேகை 8 முதல் 9 வரை உள்ள சதுரத்தின் எண் 58 எச். அதைப் பதினாறு தாள்களாகப் பிரித்தால் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 58 எச்/10இல் வரும். அம்பாசமுத்திரம் எச்/6, தென்காசி எச்/5. கொற்கை பக்கம் போனால் 58 எல்/2. சங்கரன்கோவிலும் கோவில்பட்டியும் வடக்கே 58 ஜியில். பெண் கொடுத்த ஊரும் எடுத்த ஊரும் தாளின் விளிம்பைப் பார்த்து அமைவதில்லை. நடுத் தாளோடு சுற்றியுள்ள எட்டுத் தாள்களையும் எடுத்து வையுங்கள்.

அச்சிட்ட ஆண்டை அளந்த ஆண்டாக நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எங்கள் குடும்பம் தேரிக்காட்டு (செம்மணல் மேடுகள்) ஓரத்தில் ஒரு சிறு குடியிருப்பிலிருந்து கிளம்பியது. கிணறெல்லாம் உவர்த்துப்போய், குடி மொத்தமும் எழுந்துவிட்டது. எப்போது என்று கேட்டால் பெரிய அத்தைக்கு ஒரே பதில்தான்: "திருச்செந்தூருக்கு ரயில் விடுவதற்கு முன்னாலேயே ஊர் காலி. ஆச்சி அப்போது பாவாடை கட்டும் பிள்ளை." ஆச்சி சொல்லி அத்தை கேட்டது, அத்தை சொல்லி நாங்கள் கேட்டது. திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை திறந்தது 1923இல்.

எனக்குக் கிடைத்த தாள் 1930களில் அச்சிட்டது. கீழே பெரிய எழுத்தில் ஆண்டு இருந்தது. திருச்செந்தூர் ரயில் பாதை கறுப்பாக ஓடியது. எங்கள் குடியிருப்பும் இருந்தது. சிவப்புப் புள்ளிகளாக வீடுகள், பக்கத்தில் கிணறு, கோவில் குறி. நான் கணக்குப் போட்டேன். ரயில் இருக்கிறது, ஆகவே தாள் 1923க்குப் பிந்தியது. வீடுகளும் இருக்கின்றன, ஆகவே ரயில் வந்த பிறகும் ஊர் இருந்தது. அத்தையின் கதை தவறு. எவ்வளவு சுத்தமான தர்க்கம்!

அதை ஒரு சடங்கு வீட்டில், எல்லோரும் பந்தியில் இருக்கும்போது, தாளை விரித்துக் காட்டிச் சொன்னேன். அத்தை தாளைப் பார்க்கவே இல்லை. "அப்படியானால் ஆச்சி பொய் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பத்திரம் தேடினேன். கணினிக்கு ஏறாத பழைய ஆண்டுகளைப் பதிவு அலுவலகத்தில் கையால்தான் புரட்ட வேண்டும். தேடும் ஆண்டு கூடக் கூடக் கட்டணமும் கூடும். என் தர்க்கத்தின்படி 1923 முதல் 1940 வரை வில்லங்கம் பார்த்தேன். விடுப்பு போயிற்று, பணம் போயிற்று. ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. நிலம் வேறு யார் பெயரிலோ இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு கதையை நானே கட்டி, அதைத் துரத்தியதில் மேலும் ஒரு வருடம்.

கடைசியில் ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். அவர் நடுவில் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனார். அங்கே பொடி எழுத்தில் இருந்தது: அளந்தது 1910களின் ஒரு பருவத்தில், ரயிலும் சாலையும் மட்டும் பின்னால் திருத்திச் சேர்த்தவை.

நடந்தது இதுதான். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 63,360க்கு ஒன்று என்ற அளவில் அந்தக் காலத் தாள்களை வரைந்தவர்கள், மேசைப் பலகையைச் சுமந்து ஊர் ஊராக நடந்து வரைந்தார்கள். மறுபதிப்பு வரும்போது அதே நடையை யார் மறுபடி நடப்பார்கள்? ரயில் பாதை, பெரிய சாலை, ஜில்லா எல்லை போன்ற பெரிய மாற்றங்களைத் திருத்துவார்கள். காலியான பத்து வீட்டை அழிக்க யாரும் தேரிக்குள் வரமாட்டார்கள். ஆக, ஒரே தாளில் ரயிலுக்கு ஒரு வயது, குடிசைக்கு ஒரு வயது, அச்சுக்கு ஒரு வயது. நான் மூன்றையும் ஒன்றாக்கினேன்.

1923க்கு முந்திய ஆண்டுகளைத் தேடியதும் இரண்டாம் நாளிலேயே கிடைத்தது. 1919இல் பூட்டன் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். அதற்கு எட்டு மாதம் முன்பு அத்தை காலமாகியிருந்தார். நகலை அத்தை மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அம்மா சொன்னதுதானே அத்தான்" என்றான்.

ஆகவே, தாள் கையில் வந்ததும் ஊரைத் தேடாதீர்கள். முதலில் ஓரத்தில் அளந்த பருவம் எது, திருத்தம் எது, அச்சு எது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இணையத்தில் இறக்கும் ஸ்கேன்களில் பாதிக்கு மேல் ஓரத்தை வெட்டியவை. அழகாக இருக்கும், உதவாது. ஓரம் உள்ள பிரதி கிடைக்கும் வரை முடிவு எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம், பந்தியில் கண்டிப்பாக வேண்டாம்.

ஓரமே கிடைக்காதபோது சிலர் பெரிய கட்டுமானங்களைக் கொண்டு வயது கணிப்பார்கள். சுலோசன முதலியார் பாலம் 1843. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் 1876. செங்கோட்டை வரை 1903. பாபநாசம் அணை 1940களில், மணிமுத்தாறு அணை 1950களில். நல்ல வழிதான். ஆனால் மணிமுத்தாறு நீர்த்தேக்கம் தாளில் இருந்தால், அந்தத் தாளை 1950களுக்குப் பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். பக்கத்து ஊரின் வீடுகளை அன்று எண்ணினார்கள் என்று பொருள் இல்லை. வீடுகளுக்குச் சாட்சி வேண்டுமானால் அடுத்த அளவையின் தாளை, 50,000க்கு ஒன்று என்ற மெட்ரிக் தாளை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாழடைந்த ஊருக்கென்றே தனிக் குறி உண்டு. எங்கள் ஊருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒரு கிணறும் சில பனைகளும் மட்டும்.

பெயரை எழுத்துக்கூட்டித் தேடுவது

டின்னவெல்லி, பாளம்கோட்டா, டூட்டிகோரின் என்று எழுதியவர்களின் காதில் உங்கள் சிற்றூர் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ழகரமும் றகரமும் போய்விடும். 'குடியிருப்பு' என்பது பாதியில் நிற்கும். கிறிஸ்தவ மிஷன் ஊர்களில் இன்னொரு சிக்கல்: 1799இல் உருவான முதலூர் தொடங்கி, நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று புதுப் பெயரோடு எழுந்த ஊர்கள் பல. பத்திரத்தில் பழைய பெயரும் தாளில் புதுப் பெயருமாக இருக்கும், அல்லது தலைகீழாக. குடும்பத்தில் சொல்லும் பெயர் தெருவின் பெயராகவும், தாளில் உள்ளது வருவாய்க் கிராமத்தின் பெயராகவும் இருப்பது அதைவிடச் சாதாரணம். நான் இப்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டுக் குளத்தைத் தேடுகிறேன். எந்தக் குளத்துப் பாய்ச்சல், எந்தக் கால்வாயின் கடைமடை என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறாமல் சொல்வார்கள்.

குளத்தங்கரையில் எண்ணோடு இருக்கும் 'ஆர்'

அந்த ஆங்கில எழுத்தோடு இருக்கும் எண், சுற்றியுள்ள தரையிலிருந்து கரையின் உயரம். வீடுகளின் எண்ணிக்கை அல்ல. சிரிக்காதீர்கள், ஒருவர் அதை வைத்து மக்கள்தொகையே கணக்கிட்டிருந்தார்.

டோப்போ தாளில் பட்டா தேடுவது

அதில் கிடையாது. சர்வே எண்ணுக்குக் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), 'அ' பதிவேடு (கிராம நிலக் கணக்கு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஜமீன் ஊராக இருந்தால் 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரிக் கணக்குக்குள், அதாவது அரசு நிலக்காரரிடம் நேரடியாக வரி வாங்கும் முறைக்குள், வந்திருக்கும். அதற்கு முந்தியதை ஜமீன் கணக்குகளில் தேட வேண்டும்.

இன்றைய மாவட்டத்தை அன்றைக்குப் பொருத்துவது

தூத்துக்குடி பிரிந்தது 1986இல், தென்காசி 2019இல். இவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது செங்கோட்டையை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் திருநெல்வேலி ஆவணங்களில் முப்பாட்டனைத் தேடி மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போக வேண்டியது மலைக்கு அந்தப் பக்கம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு நேர்மாறு: 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை அவர்கள் திருநெல்வேலிக் கணக்கில் இருந்தார்கள்.

சாஸ்தா கோவிலைப் பூர்வீக ஊராக எண்ணுவது

குலதெய்வம் இருக்கும் இடத்தில் முன்னோர் குடியிருந்தார்கள் என்று நேர்க்கோடு போடுகிறவர்கள் அதிகம். சாஸ்தா ஊருக்குள் இருப்பது அபூர்வம்; குளத்தங்கரையில், காட்டோரத்தில் இருப்பார். குடி பெயர்ந்து மூன்று ஊர் தாண்டிப் போனவர்களும் உத்திரத்துக்கு அங்கேதான் வருவார்கள். தங்கள் சாஸ்தா எது என்றே தெரியாதவர்கள் பாபநாசம் மலையில் உள்ள காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போவதும் உண்டு. அதனால் அவர்கள் பூர்வீகம் காரையாறு ஆகிவிடாது. தாளில் கோவில் குறிக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. அது எந்தச் சாமி, யார் யார் வரி (கோவில் செலவுக்கான குடும்பப் பங்கு) கொடுக்கிறார்கள் என்பதைக் கோவிலில்தான் கேட்க வேண்டும். அந்த வரிதாரர் பட்டியல் எனக்கு எத்தனையோ தாள்களைவிட அதிகம் உதவியிருக்கிறது.

செல்பேசியின் நீலப் புள்ளியை நம்புவது

பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று கொண்ட கணித உருவத்தை, அடிப்படையாகக் கொண்டவை. செல்பேசியின் ஜிபிஎஸ் கணக்கு வேறு. தாளின் கட்டங்களை அப்படியே செல்பேசி வரைபடத்தின்மேல் ஏற்றினால் நம் பக்கத்தில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளாக இருந்தால் இன்னும் மோசம்; சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்கு அன்று கொண்ட மதிப்பு பின்னால் திருத்தப்பட்டதால், கிழக்கு மேற்காகக் கிலோமீட்டர் கணக்கில் விலகும். கோவில், பாலம், கரை முனை என்று இடம் மாறாத நான்கைந்து புள்ளிகளைப் பிடித்துத் தாளை இழுத்துப் பொருத்திய பிறகே நடக்க வேண்டும்.

சென்னை இளைஞரிடம் இதைச் சொல்லி, படத்தின் ஓரத்தைக் காட்டச் சொன்னேன். விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, என் படத்தில் ஓரமே இல்லை" என்றார். படத்தை நகர்த்திப் பார்த்தோம். தென்கிழக்கே, ஒரு விரல் அகலத்துக்குள், பிறை வடிவில் ஒரு குளக்கரை இருந்தது. நிமிர்ந்தபோது பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிஜக் கரையின்மேல் ஏறி நின்று எங்களைக் கை காட்டி அழைத்துக்கொண்டிருந்தார். நீலப் புள்ளி அப்போதும் உடைமரக் காட்டுக்குள்ளேயே நின்றது.