கைஅச்சில் 4 பக்கச் செய்தித்தாள் அடிக்கும் முறை

அமெரிக்கா மேற்கே விரிந்த காலத்தில் புது ஊர்களில் வந்த வார இதழ்கள் பெரும்பாலும் ஒரே தாளை ஒருமுறை மடித்த 4 பக்கங்கள்தான். அதே முறையில் அடிக்க முதலில் பக்க வரிசை பிடிபட வேண்டும். தாளின் ஒரு புறத்தில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் எழுத்துத் தொகுதிக்குப் பாரம் என்று பெயர். வெற்றுத் தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள்: 1-ம் 4-ம் வெளிப்பாரம், 2-ம் 3-ம் உள்பாரம். ஈய எழுத்து இடவலம் மாறியிருக்கும். ஆகவே வெளிப்பாரத்தில் 1-ஆம் பக்கம் இடப்புறம், உள்பாரத்தில் 3-ஆம் பக்கம் இடப்புறம்.

வெளிப்பாரத்தை முன்கூட்டியே அடித்துவிடலாம். விளம்பரமும் வெளியூர் இதழ்களில் எடுத்ததும் அதற்குப் போதும். 1792 அஞ்சல் சட்டப்படி பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் இதழ்களை இலவசமாக அனுப்பிக்கொண்டார்கள். நிருபரே இல்லாத ஊரிலும் பத்தி நிரம்பியது அப்படித்தான். கடைசியாக வந்த செய்தி உள்பாரத்துக்கு. பழைய இதழில் சூடான செய்தியை 2, 3-ஆம் பக்கங்களில் தேடுங்கள்.

எழுத்துகளை வரிவரியாகக் கோக்குமுன் எழுத்துப் பெட்டியைச் சரிபாருங்கள். 1846-ல் மான்டெரேயில் தொடங்கிய ‘கலிபோர்னியன்’ இதழுக்குக் கிடைத்தது ஸ்பானிய எழுத்து; ‘டபிள்யூ’ இல்லை. இரண்டு ‘வி’யைச் சேர்த்துச் சமாளித்தார்கள். கோத்த பக்கத்தை நகர்த்துமுன் நூலால் நாலைந்து சுற்று இறுக்கிக் கட்டுங்கள். 1787-ல் ‘கென்டக்கி கெஜட்’ இதழுக்கு வந்த எழுத்தில் பெரும்பகுதி, லைம்ஸ்டோனிலிருந்து லெக்சிங்டன் வரும் வழியிலேயே குலைந்து கலந்துபோனது.

பலர் சறுக்குவது காகிதத்தில். கந்தல்கூழ்த் தாளை முதல்நாள் மாலையே நனைக்க வேண்டும்: ஏழெட்டு உலர்ந்த தாளுக்கு ஒரு நனைந்த தாள் வீதம் அடுக்கி, மேலே பலகையும் கனமான பொருளும் வைத்துவிட்டால் காலைக்குள் ஈரம் சமமாகும். தொட்டால் குளுமை தெரியணும், தண்ணீர் மினுங்கக் கூடாது. ஈரம் கூடினால் மசி பிடிக்காது. குறைந்தால் எழுத்து வெளிறும், அழுத்தத்தைக் கூட்டப் போய் எழுத்துதான் தேயும். வெயில் காலத்தில் அடுக்கை நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மசி என்பது ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி விளக்குக்கரி கலந்தது. மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவுங்கள். தடித்தால் எழுத்தின் கண்கள் (உள் இடைவெளிகள்) அடைபடும். மசி தடவ, வெல்லப்பாகும் பசையும் சேர்த்து வார்த்த உருளை வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும்.

பழைய மரஅச்சில் அழுத்தும் பலகை சிறிது. ஒரு பாரத்துக்குக் கைப்பிடியை இரண்டு முறை இழுக்க வேண்டும். இரும்பு அச்சில் ஒன்று போதும். சாமுவேல் ரஸ்ட்டின் வாஷிங்டன் அச்சு மேற்கே அதிகம் போனதற்குக் காரணம் அதன் சட்டகம்: தூண்கள் உள்ளீடற்றவை, கழற்றி வண்டியில் ஏற்றலாம். பழகிய இருவர் இருந்தால் மணிக்கு 200 தாளாவது ஒரு புறம் அடிக்கலாம்.

தாளின் முதல் புறம் அடிக்கும்போதே அச்சில் உள்ள ஊசிமுனைகள் தாளில் இரு துளை போடும். மறுபக்கத்துக்கு அதே துளைகளை ஊசியில் மாட்டுங்கள்; தாள் காய்வதற்குள் செய்யணும், காய்ந்தால் சுருங்கித் துளை பொருந்தாது. முடிந்ததும் பாரத்தைக் காரநீரில் கழுவி, எழுத்தை அன்றே பெட்டியில் பிரித்துப் போடுங்கள். மசி காய்ந்து ஒட்டிய எழுத்தைப் பிரிப்பது பெரும்பாடு.