மே 1 கிராம சபையில் வேலை கேட்பது எப்படி

"எங்கள் ஊர் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்படுத்தித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். இந்த ஒரு வரி மனுவை மட்டும் இனி டைப் அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். கிராம சபையில் வாசித்தால் கை தட்டுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும், அதோடு சரி. யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள் என்று ஒன்றும் இல்லாத தாளை வைத்துக்கொண்டு எந்த அதிகாரிதான் என்ன செய்வார்?

கேட்கிற முறையைப் போலந்துக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என் சாச்சி மகன் அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். முன்பெல்லாம் நம் பையன்கள் துபாய், சவூதி என்று போனார்கள். இப்போது போலந்து, ருமேனியா என்றும் விசாரிக்கிறார்கள். அங்கே ஏன் ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் நம் கதை மாதிரியே இருக்கிறது. 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி. படிப்பு முடிந்தால் அரசு ஆலையிலோ பண்ணையிலோ ஒரு வேலை இருந்தது. ஆட்சி போனதும் ஆலைகள் மூடின. 2002 வாக்கில் வேலை தேடிய 25 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வேலையில்லை. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவுடன் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் லட்சக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போக, நம் ஊரை விட்டு இவன் அங்கே போயிருக்கிறான்.

போலந்து மாதிரிக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் இரண்டு பக்கமும் ஏற்பாடு செய்தார்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று ஊர் விவகாரத்தில் இளைஞர்கள் உட்பட ஊரார் பேசுவதற்கு. இரண்டிலும் நமக்கு வேண்டியது இருக்கிறது.

பேசுகிற பக்கத்தில் எனக்குப் பிடித்தது போலந்தின் கிராம நிதிச் சட்டம். 2009-இல் வந்தது, 2014-இல் புதுப்பித்தார்கள். உள்ளாட்சி மன்றம் ஒப்புக்கொண்டால், தன் பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒதுக்கும். அந்தப் பணம் எதற்கு என்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்யும். ஊர்த்தலைவர்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. வயது வந்த 15 பேர் சேர்ந்தால் ஊருக்கான ஒரு வேலையைக் கூட்டத்தில் வைக்கலாம். விண்ணப்பத்தில் மூன்றே விஷயம்: என்ன வேலை, எவ்வளவு செலவு, ஏன் செய்ய வேண்டும். செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். சட்டப்படி இல்லையென்றால் மேலே இருக்கும் உள்ளாட்சித் தலைவர் 7 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சும்மா வைத்திருக்க முடியாது. விளையாட்டு மைதானம், தெருவிளக்கு என்றுதான் பெரும்பாலும் செலவழிக்கிறார்கள்; வேலைவாய்ப்புக்காக வந்த சட்டம் இல்லை அது. எனக்கு வேண்டியது அந்தப் படிவத்தின் ஒழுங்கு. நம் கிராம சபைக்கு அதை அப்படியே பொருத்தலாம்.

முதல் வேலை, ஊரில் யார் யார் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ணுவது. இதில் அவசரப்படாதீர்கள், மொத்த மனுவும் இதன் மேல்தான் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இளைஞர் உறுதித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. படிப்பை முடித்தாலோ வேலை போனாலோ நான்கு மாதத்துக்குள் ஒரு வேலை, மேல்படிப்பு, தொழில் பழகும் இடம், பயிற்சி, இந்த நான்கில் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. முதலில் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 2020-இல் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று நீட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியாதவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டானே? பல்கேரியாவில் இதற்காகவே இளைஞர் தொடர்பாளர்கள் என்று நகராட்சிகளில் ஆள் எடுத்தார்கள். படிக்கவும் இல்லாமல் வேலையும் இல்லாமல் எங்கும் பதியாமல் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசி அழைத்து வருவதுதான் அவர்கள் வேலை.

நம் ஊரில் இதற்குச் சம்பள ஆள் கிடைக்க மாட்டார்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புங்கள். கிராம சபையில் ஓட்டு உள்ளவர்கள்தான் உறுப்பினர், அதனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கையைத் தூக்க முடியாது. எஸ்டோனியா மாதிரி 16 வயதில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை இங்கே இல்லை. ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக எந்த வயதும் தடையில்லை. தெருவுக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று சேர்த்து அனுப்பினால் அடுப்படி வரை விவரம் வந்துவிடும். ஆண்கள் மட்டும் போனால் "எங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கு வேலையெல்லாம் தேவையில்லப்பா" என்று திண்ணையிலேயே முடித்துவிடுவார்கள். என்னை லாத்தா என்று கூப்பிட்டுக் கடைக்கு வரும் பெண்களில் டிகிரி முடித்து வீட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர். இவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

நோட்டில் கோடு போடும்போது வெறும் "வேலை இல்லை" என்று ஒரு கட்டம் போதாது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் தனி. ஐ.டி.ஐ. முடித்தவர், அதிலும் எந்தப் பிரிவு. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையில் இருப்பவர். நாட்டுப்படகுக்காரர் வேறு, அவருக்கு அந்தத் தடை இல்லை. கடல்பாசி எடுக்கிற பெண்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாகிவிட்டதால் அவர்கள் பாடு தனிக் கதை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பிக்காமல் விட்டவர் யார் என்றும் கேளுங்கள். அது கையோடு கணினி மையத்தில் முடிகிற வேலை.

அப்புறம், என்ன கேட்பது. ஊராட்சியால் யாருக்கும் வேலை போட்டுத் தர முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் முடிந்தது இடம், மின்சாரம், ஒரு சிபாரிசுத் தீர்மானம், கொஞ்சம் பணம். உங்கள் நோட்டில் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கப் பழக ஆசைப்படுகிற பையன்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனு இப்படி இருக்கட்டும்:

"வேலை: பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையை எஞ்சின் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு ஒதுக்குதல், பயிற்றுநர் அனுப்புமாறு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத் தீர்மான நகல் அனுப்புதல். செலவு: மின் இணைப்பு, ஷட்டர், மேசை; கொட்டேஷன் இணைப்பு. காரணம்: பயிற்சி கேட்கும் இளைஞர் பெயர்ப்பட்டியல் இணைப்பு. அறை ஒப்படைக்க வேண்டிய தேதி: ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்."

கீழே ஓட்டுரிமை உள்ள 15 பேர் கையெழுத்து. நம் சட்டம் இந்த எண்ணிக்கையைக் கேட்கவில்லை, நான்தான் போலந்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன். ஒருவர் கொடுத்தால் ஆள் யார் என்று பார்ப்பார்கள், பதினைந்து பேர் கொடுத்தால் தாளைப் பார்ப்பார்கள்.

பாசிப் பெண்கள் என்றால் உலர்த்தும் மேடை, அல்லது மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு மையத்திலோ பயிற்சி. நம் மாவட்டத்தில் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே என்ன வேலைக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேட்கும் தீர்மானமும் நல்ல தீர்மானம்தான்.

ஒரு எச்சரிக்கை. "பயிற்சி" என்ற பெயரில் சும்மா வேலை வாங்கும் வழி எல்லா நாட்டிலும் இருக்கிறது. குரோஷியாவில் வேலை ஒப்பந்தம் இல்லாமல் அரசு கொடுக்கும் சிறு உதவித்தொகையில் ஒரு வருடம் வேலை பழகும் திட்டம் போட்டார்கள். பல இடங்களில் புதிதாகச் சேர்க்க வேண்டிய சம்பள வேலைக்குப் பதிலாகவே இந்தப் பயிற்சிக்காரர்களை உட்கார வைத்தார்கள் என்று அங்கே பெரிய குற்றச்சாட்டு. ஆகவே எத்தனை வாரம், உதவித்தொகை எவ்வளவு, முடிவில் யார் சான்றிதழ் தருவார் என்று மூன்றையும் தீர்மானத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எந்தக் கூட்டம் என்பதும் முக்கியம். வருடத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் கடற்கரைக்கு மே 1-தான். தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் பரீட்சை முடிந்து ஊருக்கு வரத் தொடங்கியிருப்பார்கள். நவம்பர் 1 மழைக்காலம், கூட்டம் சேராது. சேராவிட்டால் குறைவெண் பிரச்சினை வரும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனபோது, இனி கிராம சபையே கிடையாதோ என்று கடையில் சிலர் கேட்டார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு.

மனுவை ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்டப்பொருள் பட்டியல் மேலிருந்து அச்சடித்து வரும். அதில் உங்கள் பொருள் இருக்காது. "இதர" என்று கடைசியில் ஒன்று வரும், அங்கேதான் உங்கள் முறை. அதற்குள் டீ குடித்துவிட்டுப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், உங்கள் பதினைந்து பேரையாவது உட்கார வையுங்கள். வாசிக்க ஒரு பெண்ணை எழுப்புங்கள். எழுதியதை அங்கேயே திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பத்து வரி மனு "வேலைவாய்ப்புக் கோரிக்கை விவாதிக்கப்பட்டது" என்று சுருங்கிப் போவது அந்த நேரத்தில்தான். தேதி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வருகைக் கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு தீர்மான நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாள், 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் வந்ததும் அதை இணைத்து ராமநாதபுரத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். வெறும் மனுவோடு போவதை விட கிராம சபைத் தீர்மானத்தோடு போனால் துறைக்கு அனுப்பும்போது குறிப்பும் கூடவே போகும். ஆகஸ்ட் 15 கிராம சபை தொடங்கியதும், போன கூட்டத்துத் தீர்மானங்களில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நோட்டு எடுத்துப் போன பிள்ளைகளில் 18 நிரம்பியவர்கள் இருந்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ அதற்கு முன்பே போடச் சொல்லிவிடுங்கள்.